கவாத்துக் கொட்டாயின் நடுக்கம்பிகள்

போன மாதம் ஒரு நாள் நித்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற அதே கட்டடப் பிரிவில் இப்போது அவர் உதவிப் பொறியாளர். நலமா, சாப்பிட்டாச்சா என்றெல்லாம் இழுக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். எனக்கு அது பிடிக்கும்.

“சார், கவாத்துக் கொட்டாய்ல குறுக்க கம்பிங்க போவுதில்ல, அதுல நடுவுல ரெண்டு மட்டும் வேற மாதிரி இருக்குது. அத யாரு போட்டது?”

“எதுக்கும்மா கேக்கற?”

“அந்த ஹாலை இண்டோர் ஷட்டில் கோர்ட்டா மாத்தப் போறாங்க சார். பந்து தட்டுதாம், அந்த ரெண்டு கம்பியும் எடுத்துடணும்னு பிளான்ல போட்டிருக்கு. நான் கம்ப்யூட்டர்ல கம்பி இல்லாம ஓட்டிப் பாத்தேன், சுவரு வெளிய சாயுது. சொன்னா, இத்தினி வருசம் நின்ன கட்டடம், ஒண்ணும் ஆவாதுங்கறாங்க. நீங்கதான் அங்க வேலை பாத்தீங்களாமே. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க சார். மீட்டிங்ல வைக்கணும்.”

சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதே கொட்டாய், அதே நடுக்கம்பி, அதே ஷட்டில்! எழுதித் தருகிறேன் என்றேன். ஆபீஸ் பாஷையில் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன், எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகப் போனால் நித்யா வெட்டிக்கொள்ளட்டும்.

ஓசூரிலிருந்து மத்திகிரிப் பக்கம் போனால் புளியமரங்களுக்கு நடுவில் நீளமாகப் படுத்திருக்கிற ஓட்டுக் கட்டடம் அது. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காகக் கட்டியது. மழை நாளில் வெளியே கவாத்துப் பழக முடியாது என்பதால், சிப்பாய்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து திரும்பும்படி, உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் கட்டிவிட்டார்கள். கட்டியது யார், கொத்தனார் யார், எந்த ஊர் ஆசாரி என்று எந்தக் கல்லிலும் பேர் இல்லை. யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கிட்டத்தில் தோண்டிய செம்மண்ணில் செங்கல், நல்ல தேக்கு, மேலே ஓடு. ஓட்டின் பாரம் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளாமல் இருக்க, சுவருக்குச் சுவர் குறுக்கே இரும்புக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் சுவரைத் துளைத்து வெளியே வந்து, தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தகட்டில் நட்டு போட்டு முறுக்கியிருக்கும். இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்திருப்பதுபோல, அவ்வளவுதான் சூத்திரம்.

ஊரில் எல்லாரும் கவாத்துக் கொட்டாய் என்போம். கன்னடம் பேசுகிறவர்கள் ‘கவாயத்து’ என்று கொஞ்சம் இழுப்பார்கள். பட்டாளம் போனபிறகு அது எத்தனையோ வேஷம் போட்டது. ரேஷன் அரிசி மூட்டைகள் இருந்தன. ஓட்டுப் பெட்டிகள் இருந்தன. ஆற்றில் தண்ணீர் ஏறிய சமயங்களில் கெலவரப்பள்ளிப் பக்கத்துக் குடும்பங்கள் ஆடு மாட்டோடு வந்து தங்கின. தொழிற்சாலைகள் வந்த புதிதில், ஆள் எடுக்கிற நாளில் ஐ.டி.ஐ. பையன்கள் அங்கேதான் வரிசை கட்டி நின்றார்கள். நடுவில் சில வருடம் உத்தியோகஸ்தர்கள் சிலர் ஒரு கிளப் வைத்து மாலையில் ஷட்டில் ஆடினார்கள். அப்புறம் கிளப் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அதன்பிறகு கொட்டாய் ஹவில்தார் அந்தோணிசாமியின் ராஜ்ஜியம் ஆனது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். போலீஸ், ராணுவத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தார். ஞாயிறு பூசைக்குப் போகிற நேரம் தவிர அவரை அங்கேதான் பார்க்கலாம். அவரிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். சூளகிரி, தொரப்பள்ளி என்று சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நாலு சுவருக்குள், அந்தோணிசாமியின் கண் முன்னால் என்பதால்தான் அப்பன்மார்கள் சம்மதித்து அனுப்பினார்கள்.

என் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிப்ளமோ முடித்தேன், இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை என்று பள்ளிக்கூடச் சுவருக்கும் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தே பாதி சர்வீஸ் கழிந்தது. வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஓசூருக்கு வந்து, கிரேஸ் மேடத்திடம் மாட்டிக்கொண்ட பிறகுதான்.

மேடம் எங்கள் செயற்பொறியாளர், ஆபீஸ் கிருஷ்ணகிரியில். நாகர்கோவில்காரர். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, வெயிலோ மழையோ கையில் ஒரு ஆண்கள் குடை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் பேச மாட்டார். நாம் பேசினால் குடையின் நுனி ஒருமுறை தரையில் தட்டும். அதற்கு அர்த்தம் வாயை மூடு என்பது. ஒப்பந்தக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்தார்கள். நானும்தான்.

ஒரு மழைக்காலத்தில், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது கொட்டாயின் கிழக்குச் சுவரிலிருந்து ஒரு பாளம் காரை விழுந்தது. நல்ல வேளை, யார் தலையிலும் இல்லை. காரை போன இடத்தில் விரிசல். ஜன்னல் மூலையில் மயிரிழையாகத் தொடங்கி, மேலே போகப் போக விரல் நுழைகிற அகலம்.

விஷயம் மேலே போனது. மேலேயிருந்து ஒரே பாட்டுத்தான் வந்தது: ஆபத்தான கட்டடம் என்று சான்று கொடுங்கள், இடித்துவிடலாம். இடித்த இடத்தில் வணிக வளாகம் வரும் என்று ஊர்ப் பெரியமனிதர்கள் அதற்குள் கடை எண் பேசத் தொடங்கியிருந்தார்கள். நான் காகிதங்களைத் தயார் செய்து மேடத்துக்கு அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

“விரிசல் ஓடுதா, நிக்குதா?”

“தெரியல மேடம்.”

“தெரியாத காரியத்துக்கு நான் எப்படி கையெழுத்துப் போடுவேன்? கண்ணாடி ஒட்டுங்க.”

கண்ணாடி ஒட்டுவது பழைய வழி. போட்டோ சட்டம் போடுகிற கடையில் மெல்லிய கண்ணாடியைப் பட்டையாக வெட்டி வாங்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே, ஒரு முனை இந்தப் பக்கம், மறுமுனை அந்தப் பக்கம் என்று சாந்து வைத்து அசையாமல் ஒட்ட வேண்டும். சாந்து ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியைக் கீற வேண்டும். சுவர் நிற்கிறது என்றால் கண்ணாடி முழுசாக இருக்கும். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். கண்ணாடி வளைந்து கொடுக்காது, யாருக்காகவும் பொய் சொல்லாது.

அதிலிருந்து தினமும் காலையில் மேடத்திடமிருந்து போன் வரும். வணக்கம் எல்லாம் கிடையாது. “கண்ணாடி என்ன சொல்லுது?” அவ்வளவுதான் கேட்பார். முழுசா இருக்கு என்றால் வைத்துவிடுவார்.

ஒரு நாள் உடைந்து கிடந்தது. கல்குவாரியில் வைக்கிற வெடிதான் காரணம் என்று ஊரே சொன்னது. நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகள் என்று சிலர். பக்கத்துத் தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் என்று இன்னும் சிலர். எனக்கும் குவாரி மேல்தான் சந்தேகம். புதுக் கண்ணாடி ஒட்டினேன். அந்தச் சமயம் பார்த்துக் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெடிச் சத்தமே இல்லை, ஊர் காதைப் பொத்தியதுபோல் கிடந்தது. அந்த அமைதியில்தான் இரண்டாவது கண்ணாடியும் உடைந்தது.

அதைச் சொன்னதும் மேடம் கிருஷ்ணகிரியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டாயை வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று. கொத்தனாரை ஏணியில் ஏற்றிச் சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விடச் சொன்னார். சுவரின் இரண்டு ஓரத்திலும் நூல் சுவரை ஒட்டியே இறங்கியது. நடுவில் விட்டபோது, கீழே நூலுக்கும் சுவருக்கும் இடையில் என் கை நுழைந்தது. சுவர் நடுவயிறு தள்ளி நின்றிருந்தது.

அப்போது வாசலில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்தோணிசாமி விசிலை வாயில் வைத்தார். குடை தரையில் தட்டியது.

“ஹவில்தார், இன்னைக்கு முதல் யாரும் உள்ள வரப்பிடாது. நான் மூடுகேன்.”

அந்தோணிசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மா, அடுத்த மாசம் போலீஸ் செலக்சன். வெளிய ஒரே மழை. மைதானம்னு பாத்தா ஹைவே ஓரம்தான் இருக்குது. லாரிக்காரனுங்க நின்னு வேடிக்கை பாக்கற எடத்துல எந்த அப்பன் புள்ளைய ஓட வுடுவான்? இன்னைக்கு ஊட்டுக்குப் போன புள்ளைங்க திரும்பி வராதுங்கம்மா. கல்யாணத்த முடிச்சுப்புடுவாங்க.”

“கூரை விழுந்தா?”

“விழாதுங்கம்மா. வெள்ளக்காரன் கட்டுனது.”

“நீங்க பட்டாளத்துல இருந்தவரு. குண்டு போட்ட துப்பாக்கிய ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிப் பிள்ளையள் கையில குடுப்பீங்களா?”

அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். மேடம் குரலை இறக்கினார். “மூடுகேன்னுதான் சொன்னேன். இடிக்கேன்னு சொல்லல்ல. எனக்குக் கொஞ்ச நாள் தாங்க. அதுவரை அந்த அப்பன்மார்ட்ட நீங்க பேசி நிறுத்தி வையுங்க. அது உங்க வேலை, இது என் வேலை. மனசிலாச்சா?”

அந்தோணிசாமி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். கோபத்தில் வைத்த சல்யூட்தான், ஆனாலும் வைத்தார். அன்று மாலையே டி.வி.எஸ். எக்ஸ்எல்-ஐ எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

இனி மேடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு எந்த அதிகாரியிடமும் நான் இதைப் பார்த்ததில்லை. ஒரு கட்டடம் பிடி கொடுக்காவிட்டால், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைவது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிப்பக்கம், ஒருவர் உள்பக்கம். திரும்பிப் பார்க்கக்கூடாது, ஒருவர் வரைவதை மற்றவர் பார்க்கக்கூடாது. “கண்ணு முன்னால கட்டடம் இருந்தா கை அதைப் பார்த்துப் போட்டுட்டே போகும். மூளை தூங்கும்” என்பார். முதுகைக் காட்டினால்தான், பார்த்தோமா பார்க்கவில்லையா என்பது நமக்கே தெரியுமாம்.

புளியமரத்தடியில் இரண்டு அரிசி மூட்டைச் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். ஒரு செயற்பொறியாளர் சாக்கில் சம்மணம் போட்டுப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வரைவதை டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். மேடம் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு வெளிப்பக்கம், எனக்கு உள்பக்கம். மறந்துபோன இடங்களுக்கு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி முதுகைக் காட்டி உட்கார வேண்டும். நான் மூன்று தடவை எழுந்தேன். அவர் ஒரே தடவை.

முடிந்ததும் என் தாளை வாங்கி அவருடைய தாளின் மேல் வைத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சத்தில் இரண்டு படமும் ஒன்றாகத் தெரிந்தன. ஜன்னல் மேல் ஜன்னல், கதவு மேல் கதவு. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் நகர்த்திப் பிடித்தார்.

“கோவிந்தராஜ், வெளிய நான் ஏழு தகடு போட்டிருக்கேன். நீங்க உள்ள எத்தனை கம்பி போட்டிருக்கீங்க?”

ஐந்து. நான் மறந்துவிட்டேனோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஐந்துதான் இருந்தது. நடுவில், வயிறு தள்ளிய இடத்தில், இரண்டு கம்பி இருக்க வேண்டிய இடம் வெறும் காற்று. சுவரில் துளை இருந்த இடத்தைச் சாந்து பூசி மெழுகி, அதன்மேல் பல வருடச் சுண்ணாம்பு. வெளியே தகடுகள் மட்டும் ஒன்றும் தெரியாதவைபோல் வரிசையாக இருந்தன. வெளியே பார்த்தவர்களுக்குத் தகடு இருந்தது, குறை தெரியவில்லை. உள்ளே பார்த்தவர்களுக்குக் கம்பி இருந்தது, குறை தெரியவில்லை. அந்தப் பெண்மணியை அன்றைக்குப்போல நான் எந்த நாளிலும் வியந்ததில்லை.

“கட்டினவன் மேல பிழையில்லை. யாரோ எடுத்திருக்காங்க. அந்த ஆளைத் தேடுங்க, திட்டுகதுக்கு இல்ல. கம்பி எவ்வளவு தடிமன்னு எனக்குத் தெரியணும்.”

தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிளப்பில் கேப்டனாக இருந்த வெங்கடப்பா, ஓய்வு பெற்ற பிறகு டீக்கடையில்தான் பொழுது போக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வரைவதை வேடிக்கை பார்த்தவர்களில் அவரும் ஒருவர். கேட்டதும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

“ஆமா சார், நாங்கதான் எடுத்தோம். நடு கோர்ட்டு மேல ரெண்டு கம்பி. உசரமா ஒரு ஷாட் அடிச்சா டங்குனு அதுல பட்டு உழுந்துடும். ஒரே சண்டை, பாயிண்ட் யாருக்குன்னு. ஒரு லீவு நாள்ல வெல்டிங்காரன கூப்புட்டு, ஒரு பக்கம் நட்ட கழட்டி மறுபக்கம் அறுத்து எடுத்துட்டோம். கூரைய தாங்கறது தேக்குதானே, கம்பி சும்மா விளக்கு தொங்கவிடறதுக்குன்னு நெனச்சுட்டோம். கட்டடம் பாட்டுக்கு நின்னுச்சே சார்!”

நின்றது உண்மைதான். அதற்குப் பிறகு ஒழுகுகிறது என்று யாரோ ஓட்டின் மேல் இன்னொரு அடுக்கு ஓடு போட்டு, பாரத்தைக் கூட்டிவிட்டார்கள். அதுவரை பொறுத்திருந்த சுவர் அதற்குமேல் நகரத் தொடங்கிவிட்டது.

“அறுத்த கம்பி எங்க?” என்றார் மேடம்.

வெங்கடப்பா கொட்டாயின் மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு இரும்புக் கால்கள், சிமெண்டுக் கட்டையில் நட்டபடி நின்றன. கிளப்பின் வலைக் கம்பங்கள். நல்ல கம்பி வீணாகப் போகக்கூடாது என்று அதிலேயே செய்துகொண்டார்களாம். கிளப் போனபின், அந்தோணிசாமி பிள்ளைகளுக்கு உயரம் தாண்டப் பழக்க, அவற்றில்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மேடம் கிட்டே போய்க் கம்பத்தின் தலையைத் தடவினார். துருவுக்கு அடியில் திருகு மரை வெட்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பிகளை நட்டுவைத்து, அவற்றின் குறுக்கே கட்டிய கயிற்றைத்தான் அந்தப் பிள்ளைகள் இத்தனை நாள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வெங்கடப்பாவைத் திட்டவும் இல்லை. “தடிமன் கிடைச்சாச்சு” என்று மட்டும் சொன்னார்.

தொழிற்பேட்டையில் மஞ்சுநாத்தின் லேத் பட்டறையில் புதுக் கம்பிக்குச் சொன்னோம். அவ்வளவு நீளக் கம்பியில் கையால் மரை வெட்டுவது லேசு இல்லை. “மாடோணா சார், செஞ்சிடலாம், இது நம்ம கொட்டாய்தானே” என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். சொன்ன நாளில் லாரியில் ஏற்றி அனுப்பினார்.

அடுத்து நடந்ததை நித்யா கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் ஓட்டின் மேல் அடுக்கை இறக்கினோம். கூரைக்கு அடியில் சவுக்கு மரங்களை முட்டுக் கொடுத்தோம். பழைய துளைகளைத் திறந்து, கம்பிகளை நுழைத்து, வெளியே அதே பழைய தகடுகளில் நட்டைக் கையால் முறுக்கினோம். நான் ஸ்பேனரை எடுத்தேன். குடை தட்டியது.

“பலம் போட்டு இழுத்தா செங்கல் நொறுங்கும். கம்பியை நாம இழுக்க வேண்டாம். அதுவே சுருங்கி இழுக்கும்.”

ஒரு கம்பியின் அடியில் நீளத்துக்கும் தகரத் தட்டுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கரி போட்டு மூட்டினோம். மேலே தேக்கு இருப்பதால் இடையில் தகரத் தடுப்பு. பக்கத்தில் நனைத்த சாக்குகள், தண்ணீர் டிரம்கள். கம்பி சூடேறச் சூடேற நீண்டது. வெளியே நின்ற கொத்தனார், தகட்டுக்கும் நட்டுக்கும் இடையில் நூலளவு இடைவெளி வருவதைப் பார்த்து ‘வந்திடுச்சு’ என்று குரல் கொடுத்தார். அந்த இடைவெளியை மட்டும் முறுக்கி மூடினோம். பிறகு கரியை இறக்கிவிட்டோம்.

அந்தோணிசாமி ஆர்வத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், கம்பியைக் குளிர வைக்க. மேடம் அவர் கையைப் பிடித்தே நிறுத்தினார். “தானா ஆறணும் ஹவில்தார். அவசரப்படுத்தினா உடையும்.”

ஆறும்போது கம்பி சுருங்கியது. சுருங்கும்போது இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அழைத்தது. அடுத்து இன்னொரு கம்பிக்கு அதே வேலை. மாற்றி மாற்றிச் செய்தோம். தொடங்கும் முன்பு மேடம் தினசரிக் காலண்டரின் அட்டையைக் கிழித்து விரிசலுக்குள் செருகச் சொல்லியிருந்தார். முதல் நாள் அட்டை சும்மா வந்தது. அப்புறம் இழுத்தால் உரசியது. ஒரு மத்தியானம் நான் இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், அட்டை கிழிந்து என் கையில் பாதி வந்தது. மீதியைச் சுவர் பிடித்துக்கொண்டது. கொத்தனார் ஏணியிலேயே கைதட்டினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மேடம் அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். சுவர் இன்னும் கொஞ்சம் வெளியேதான் இருக்கிறது என்றேன். “போன சுவரை முழுசா திருப்பிக் கொண்டு வரணும்னு ஆசைப்படப்பிடாது. நின்னா போதும்” என்றார். முட்டுகளை எடுத்து, புதுக் கண்ணாடி ஒட்டித் தேதி கீறினேன். தினமும் காலையில் போன். தினமும் முழுசா இருக்கு என்றேன்.

ஆனாலும் கட்டடம் பத்திரமானது என்கிற சான்றில் கையெழுத்து விழவில்லை. ஒரு நாள் மேடம் வந்து, பிள்ளைகளை வரச்சொல்லுங்கள் என்றார். அந்தோணிசாமி வீடு வீடாகப் போய்ப் பேசியதில் பெரும்பாலானவர்களைத் தக்கவைத்திருந்தார். சிலருக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. அவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிள்ளைகள் வெளியே நின்றார்கள். மேடம் ஒரு ஸ்டீல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய், நடுக்கம்பிகளுக்கு நேர் கீழே, கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். சுவர் விழுந்தால் முதலில் அவர் மேல்தான். “பிள்ளையள் கதவுப் பக்கமா நிக்கட்டும். நின்ன இடத்துலயே காலைத் தட்டணும், நல்ல பலமா. கோவிந்தராஜ், கண்ணாடியைப் பாருங்க.”

“மேடம், நான் உட்காரறேன்” என்றேன்.

“சான்றுல யார் கையெழுத்து?”

அந்தோணிசாமி ஆணை கொடுத்தார். கால்கள் தரையில் விழுந்தன. கொட்டாய் முழுக்க இடி உருண்டதுபோல் இருந்தது. ஓட்டிலிருந்து தூசி பொலபொலவென்று மேடத்தின் தலையில் கொட்டியது. நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உடையவில்லை. எல்லாரும் மேடத்தின் வாயையே பார்த்தோம்.

அவர் தலையைக்கூடத் துடைக்கவில்லை. “ஹவில்தார், கால் ஒண்ணா விழல்ல. தனித்தனியா விழுந்தா சுவருக்கு அது ஒரு பரீட்சையே இல்ல. திரும்ப.”

அந்தோணிசாமிக்கு அதுதான் சுட்டது. சுவரைப் பற்றி என்ன சொன்னாலும் பொறுத்திருப்பார், கவாத்தைப் பற்றிச் சொன்னால் பொறுப்பாரா? கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். இந்தத் தடவை அத்தனை காலும் ஒரே காலாக விழுந்தது. நாற்காலி அதிர்ந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. மேடம் எழுந்து வந்து, ஜீப்பின் பானெட்டில் வைத்துச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

வெங்கடப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். மாலையில் மறுபடி ஷட்டில் ஆடலாமா என்று கேட்டார். “ஆடுங்க. கம்பில பட்டா யாருக்கும் பாயிண்ட் கிடையாது, மறுபடி போடணும். அதாக்கும் இங்கத்த சட்டம்” என்றார் மேடம். அதை அப்படியே வாசல் சுவரில் பெயிண்டில் எழுதவைத்தோம்.

இதுவரை எழுதியதை நித்யாவுக்கு அனுப்பினேன். நேற்றுக் காலை அவரே காரில் வந்து என்னைக் கொட்டாய்க்குக் கூட்டிப்போனார். மீட்டிங்கில் வைத்தாராம். அதோடு தன் கணக்கையும் வைத்தாராம். கம்பி அப்படியே இருக்கும், கோர்ட்டு வரும், பந்து கம்பியில் பட்டால் மறுபடி போடுவது என்று முடிவாகியிருக்கிறது. வாசலில் மங்கிப்போன எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். விரிசலுக்குப் பக்கத்தில் நித்யா ஒரு சின்ன மின்னணுக் கருவியைப் பொருத்தியிருந்தார். சுவர் நகர்ந்தால் அவர் போனுக்குச் செய்தி வருமாம். அதன் கீழே, தூசி படிந்து, நான் ஒட்டிய கண்ணாடி. எடுத்துவிடட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று நித்யா சொல்லிவிட்டாராம்.

உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்தோணிசாமிக்கு முட்டி போய்விட்டது, நாற்காலியில் உட்கார்ந்துதான் விசில். வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளில் ஒருத்தியைக் காட்டி, “இவ அம்மாளும் இங்கதான் சார் பழகுனா. இப்ப ஏட்டம்மா” என்றார்.

அங்கிருந்தே, நாகர்கோவிலில் இருக்கிற மேடத்துக்குப் போன் போட்டேன். இப்போது அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. யார் பேசுவது என்று சொல்வதற்குள் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கண்ணாடி என்ன சொல்லுது?”

“முழுசா இருக்கு மேடம்.”

வழக்கம்போல் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அதற்குள் அந்தோணிசாமி ஆணை கொடுக்க, பிள்ளைகளின் கால்கள் தரையில் விழுந்தன. நான் போனைத் தூக்கிக் கூரைப் பக்கம் பிடித்தேன். சத்தம் அடங்கியதும் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“கோவிந்தராஜ்.”

“மேடம்.”

“கால் ஒண்ணா விழல்ல. ஹவில்தார்ட்ட சொல்லுங்க.”

சொன்னேன். அந்தோணிசாமி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நித்யா தாங்கப் போனார், வேண்டாம் என்று கையசைத்தார். நேராக நிமிர்ந்து நின்று, பழைய குரலில் “திரும்ப!” என்றார்.

நான் போனை மறுபடி தூக்கிப் பிடித்தேன்.